நிலம் நடுங்கும் நாட்டில் வீட்டுக் காப்புறுதி

சுமத்திராவின் மேற்குக் கடலடியில் நிலம் புரண்டால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உயர்ந்த அடுக்குமாடிகளில் தொங்கும் விளக்குகள் ஆடுகின்றன. மக்கள் படியிறங்கி ஓடுகின்றனர். சிறிது நேரம் தெருவில் நின்று பேசிவிட்டு மறுபடியும் மேலே ஏறிவிடுகின்றனர். நமக்கு நிலநடுக்கம் பெரும்பாலும் இந்த அளவில் முடிந்துவிடும் செய்தி. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் சபாவின் ரானாவ் வட்டாரம் அதிர்ந்து, கினபாலு மலையில் பதினெட்டுப் பேர் மாண்டபோதுதான் அந்த அச்சம் நம் வீட்டு வாயில்வரை வந்தது. ஆயினும் வீடு வாங்குகிற நம்மவருள் எத்தனை பேர் காப்புறுதிப் பத்திரத்தில் நிலநடுக்கம் என்னும் சொல்லைத் தேடிப் பார்த்திருப்பர்?

ஜப்பானில் வீடு வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. தீக் காப்புறுதி எடுக்கும்போதே, நிலநடுக்கத்திற்கும் சேர்த்து எடுக்கிறீரா இல்லையா என்று அவரைக் கேட்கின்றனர். வேண்டாம் என்பவர் விண்ணப்பத் தாளில் அதற்கென உள்ள கட்டத்தில் முன்பெல்லாம் தம் முத்திரையை இடவேண்டியிருந்தது. மைக் கட்டையில் ஒற்றி எடுத்த ஒரு சிறு வட்ட முத்திரை. ஒரு குடும்பத்தின் பிற்கால வாழ்வு முழுவதும் சில வேளைகளில் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இந்தக் கட்டம் எப்படி அந்தத் தாளில் ஏறியது என்பது நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓர் ஊரில் பதினாயிரம் வீடுகள். ஆண்டுதோறும் பத்து வீடுகள் தீப்பற்றுகின்றன. ஒரு வீட்டின் விலை பத்து இலட்சம் வெள்ளி என்று கொள்வோம். வீட்டுக்கு ஆயிரம் வெள்ளி வீதம் எல்லாரும் கட்டினால், எரிந்த பத்து வீடுகளையும் மறுபடி கட்டிவிடலாம். அடுத்த ஆண்டும் ஏறத்தாழ இதே கணக்குத்தான் வரும். தீக் காப்புறுதி வாணிகம் முழுவதும் இந்த அமைதியின்மேல் நிற்பது. நிலநடுக்கமோ எழுபது ஆண்டுகள் ஒரு வீட்டையும் தொடாமல் இருந்துவிட்டு, எழுபத்தோராம் ஆண்டில் ஒரே காலைப் பொழுதில் ஏழாயிரம் வீடுகளைச் சாய்க்கும். அன்று கம்பெனியின் பெட்டியில் என்ன இருக்கும்? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று சொல்லவும் வழியில்லை; அடுத்தது எப்பொழுது என்று அறிந்தவர் எவருமில்லை. அபாயம் மிகுந்த இடத்தில் இருப்பவரே பத்திரம் கேட்டு வருவார், மற்றவர் ஒதுங்குவார் என்பது இன்னொரு தொல்லை. ஆகவேதான் காப்புறுதிக் கம்பெனிகள் தொடக்கத்திலிருந்தே நிலநடுக்கத்தைக் கண்டு பின்வாங்கின.

இந்தச் சிக்கலை உலகம் கண்ணால் கண்டது 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில். விடியற்காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்திற்கு நிலம் அதிர்ந்தது. பிறகு மூன்று நாள் தீ. சுமார் 28,000 கட்டடங்கள் அழிந்தன. நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களிடம் இருந்தவை தீக் காப்புறுதிப் பத்திரங்கள். பலவற்றில், கட்டடம் தீயினாலன்றி வேறு காரணத்தால் வீழ்ந்தால் அந்தக் கணமே காப்புறுதி நின்றுபோகும் என்று ஒரு விதி இருந்தது. வீடு விழுந்த பிறகு எரிந்ததா, எரிந்த பிறகு விழுந்ததா? சாம்பலைப் பார்த்து யார் சொல்ல முடியும்? அதிர்ச்சியில் சிதைந்த தம் வீடுகளுக்குத் தாமே தீ வைத்தவர்களும் உண்டு என்று தீயணைப்போர் ஒருவர் கூறியதாக இராணுவச் செய்திப் பிரிவின் அதிகாரி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சில கம்பெனிகள் முழுதும் கொடுத்தன; பல வெள்ளிக்கு முக்கால் கொடுத்தன; சில கைவிரித்தன; சில திவாலாயின. லண்டன் லாயிட்ஸ் நிறுவனத்தின் கத்பர்ட் ஹீத், பத்திர விதிகளைப் பாராமல் எல்லாருக்கும் முழுத்தொகையும் கொடுக்கும்படி தம் முகவருக்குத் தந்தி கொடுத்தார் என்பதை அந்நிறுவனத்தார் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஒரு நகரம் ஒரு வணிகரின் தாராள மனத்தை நம்பி இருக்க வேண்டி வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

இனி ஜப்பானுக்கு வருவோம். அந்நாட்டில் இதற்கு முன்பே ஒருவர் இந்தச் சிக்கலுக்கு விடை சொல்லியிருந்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மெய்ஜி அரசாங்கத்தின் நிதித் துறைக்கு அறிவுரையாளராக வந்த பவுல் மாயெட் என்னும் ஜெர்மானியர், 1878ஆம் ஆண்டையொட்டி, நாட்டிலுள்ள வீடுகளையெல்லாம் அரசாங்கமே கட்டாயமாகக் காப்புறுதி செய்ய வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். தீ மட்டுமன்று, நிலநடுக்கம், புயல், வெள்ளம், போர் ஆகியவற்றால் வரும் அழிவும் அதனுள் அடங்கும். எல்லாரும் சேர்ந்தால் கட்டணம் குறையும். பெருந்தொகை தேவைப்படும் ஆண்டில் அரசாங்கத்தின் கை பின்னால் நிற்கும் என்பதே அவருடைய வாதம். நிதித் துறையின் தலைவராயிருந்த ஓகுமா ஷிகெனோபு இதனை ஆதரித்தார். தனியார் குடும்பச் சொத்தில் அரசாங்கத்திற்கு என்ன வேலை என்று மற்றவர் எதிர்த்தனர். 1881இல் அரசியல் மாற்றத்தில் ஓகுமா பதவி நீங்கினார். திட்டமும் அவரோடு போயிற்று. பிறகு தோன்றிய தனியார் தீக் காப்புறுதிக் கம்பெனிகள் நிலநடுக்கத்தால் விளையும் தீக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டன. மர வீடும் காகிதக் கதவும் நெருங்கிய தெருக்களில் அந்த ஒரு வரியின் பொருள் என்ன என்பது அப்பொழுது யாருக்கும் உறைக்கவில்லை.

உறைத்த ஒருவர் இருந்தார். தோக்கியோப் பல்கலைக்கழகத்து இமாமுரா அகிட்சுனே 1905இல் ஒரு மாத இதழில் எழுதிய கட்டுரையில், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் பெரு நடுக்கம் வரலாம், தீயணைக்கும் ஏற்பாடு இப்படியே இருந்தால் தலைநகரில் நூறாயிரத்துக்கு மேல் உயிர்கள் போகலாம் என்று எச்சரித்தார். செய்தித்தாள் ஒன்று அதைப் பெரிதாக்க, ஊரில் பீதி கிளம்பியது. அவருடைய துறைத் தலைவர் ஓமோரி புசாகிச்சி அது ஆதாரமற்ற கூற்று என்று வெளிப்படையாக மறுத்தார். இமாமுரா பல ஆண்டுகள் ஏளனத்தைச் சுமந்து வாழ்ந்தார்.

1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பகல் 11 மணி 58 நிமிடம். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்த வேளை. கான்டோ நடுக்கத்தில் மாண்டவர் சுமார் 105,000 பேர். அவருள் ஏறத்தாழ 92,000 பேரைக் கொன்றது தீ. தோக்கியோவில் ஹோஞ்சோ பகுதியில் இராணுவ உடைக் கிடங்கு இருந்த வெட்டவெளியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு தஞ்சம் புகுந்தவர்களுள் மட்டும் சுமார் 38,000 பேர் தீச்சூறாவளியில் கருகினர். உயிர் பிழைத்தோர் தீக் காப்புறுதிப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு கம்பெனிகளின் வாயிலுக்குச் சென்றனர். கம்பெனிகள் அந்த ஒரு வரியைக் காட்டின.

கம்பெனிகள் சொன்னதில் ஓர் உண்மை உண்டு. கேட்கப்பட்ட தொகை அவற்றின் சொத்து முழுவதையும் பல மடங்கு விஞ்சியது. முழுதும் கொடுக்க நேர்ந்தால் ஒரு கம்பெனியும் மிஞ்சியிராது. மக்கள் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆண்டுக்கணக்காகப் பணம் கட்டினோம், வீடு எரிந்தது, தீக் காப்புறுதி என்று பெயர் சொல்லித்தானே விற்றீர்கள் என்றனர் அவர்கள். கூட்டங்கள் நடந்தன, வழக்குகள் எழுந்தன. இறுதியில் அரசாங்கம் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்து, ‘மிமாய்கின்’ என்ற பெயரில் ஒரு தொகை வழங்கச் செய்தது. துயருற்றவரைக் காணச் செல்வோர் கையில் வைக்கும் ஆறுதல் பணத்திற்கு ஜப்பானியர் இடும் பெயர் அது. சாவு வீட்டில் நாம் வைக்கும் மொய்யைப் போன்றது என்று கொள்ளலாம். பத்திரத் தொகையில் பத்தில் ஒன்றுதான் அதன் உச்ச அளவு. சட்டப்படி உரிமை உண்டா என்னும் கேள்விக்கு, அந்நாளைய உச்ச நீதிமன்றமான தைஷின்-இன் 1926இல் விடை கூறியது: பத்திரத்தில் உள்ள விலக்கு விதி செல்லும்.

இதன்பின் நாற்பதாண்டுகள் பேச்சாகவே கழிந்தன. போரின் கடைசிக் கட்டத்தில், 1944இல், போர்க்கால ஏற்பாடு ஒன்றின் கீழ் நிலநடுக்கக் காப்புறுதி சிறிது காலம் நடந்தது. போர் முடிந்ததும் அதுவும் முடிந்தது. இதற்கிடையே நியூசிலாந்து முந்திக்கொண்டது. 1942இல் வைராராப்பா நடுக்கம் வெல்லிங்டனைச் சிதைத்தபின் சிதைந்த வீடுகள் பழுதுபார்க்கப்படாமலே நின்றதைக் கண்ட அந்நாட்டு அரசாங்கம், 1944இல் சட்டமியற்றி, தீக் காப்புறுதி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் நிலநடுக்கத்திற்கும் சிறு கட்டணம் கட்டாயமாக வாங்கத் தொடங்கியது. மாயெட் ஜப்பானியருக்குச் சொன்னதை நியூசிலாந்தினர் செய்தனர் எனலாம்.

ஜப்பானைத் தட்டி எழுப்பியது 1964 ஜூன் 16ஆம் நாள் நீகாத்தா நடுக்கம். இறந்தவர் இருபத்தறுவர் மட்டுமே; ஆனால் காட்சிகள் விசித்திரமானவை. நீர் கலந்த மணல் நிலம் குழம்பாகிவிட, காவகிஷிச்சோவில் நான்கு மாடிக் குடியிருப்புகள் விரிசல்கூட இல்லாமல் மெல்ல மல்லாந்து படுத்துவிட்டன. எண்ணெய் ஆலை பல நாள் எரிந்தது. அந்த நேரத்தில் காப்புறுதித் தொழில் சட்டத்தின் திருத்தம் ஒன்று நாடாளுமன்றத்தின் முன் இருந்தது. நிதியமைச்சர் தனாகா ககுஎய். அவர் நீகாத்தா மாவட்டத்துக்காரர், அம்மாவட்டத்தின் பிரதிநிதி. சொந்த ஊர் சாய்ந்து கிடக்கும்போது காப்புறுதிச் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்த அமைச்சர் சும்மா இருப்பாரா? பிற்காலத்தில் பிரதமராகி, ஊழல் வழக்கில் சிக்கிப் பெயரைக் கெடுத்துக்கொண்ட மனிதர்தான். ஆயினும் மாயெட் திட்டம் கைவிடப்பட்டு எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1966 மே மாதம், நிலநடுக்கக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியதில் அவருக்குப் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஜூன் முதல் நாள் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன.

சட்டத்தின் அமைப்பு எளிது. கம்பெனிகள் தாம் விற்ற நிலநடுக்கப் பொறுப்பை அதற்கென நிறுவிய மறுகாப்புறுதிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்கும். இழப்பு ஓர் அளவைத் தாண்டினால் பெரும் பகுதியை அரசாங்கம் ஏற்கும். இதில் கம்பெனிகள் ஆதாயம் பார்க்கலாகாது. ஒரு நடுக்கத்திற்கு நாடு முழுவதற்கும் கொடுக்கப்படும் தொகைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அப்பொழுது அது 30,000 கோடி யென்; 2021 முதல் பன்னிரண்டு இலட்சம் கோடி யென். கான்டோ நடுக்கம் மீண்டும் வந்தால் போதுமா என்று பார்த்துக் கணித்த வரம்பு இது. அதையும் மீறினால் எல்லாருக்கும் விகிதப்படி குறையும்.

ஆனால் முதற் பத்திரம் மிக மெலிந்த பத்திரம். வீடு முழுதும் அழிந்தால்தான் பணம். அதுவும் தீக் காப்புறுதித் தொகையில் நூற்றுக்கு முப்பது. வீட்டுக்குத் தொண்ணூறாயிரம் பத்து, அதாவது ஒன்பது இலட்சம் யென்னுக்கு மேல் இல்லை. பொருள்களுக்கு ஆறு இலட்சம். 1978இல் மியாகி கடலோரம் நடுங்கியபோது, சுவர் பிளந்து தூண் சாய்ந்து, ஆனால் முழுதும் விழாமல் நின்ற வீடுகளின் சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு திரும்பினர். பணம் கட்டியும் பலனில்லையே என்ற கண்டனம் எழுந்தது. 1980இல் பாதி இழப்புக்கும் பணம் கொடுக்கலாயினர். தொகையும் தீக் காப்புறுதியில் முப்பது முதல் ஐம்பது விழுக்காடு வரை உயர்ந்தது.

அதே சீர்திருத்தத்தில்தான் நாம் தொடக்கத்தில் கண்ட கட்டம் முக்கியம் பெற்றது. அதற்குமுன் சிலவகை வீட்டுப் பத்திரங்களில் நிலநடுக்கம் தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவற்றில் இடமே இல்லை. இனி எல்லா வீட்டுத் தீப் பத்திரங்களோடும் அது சேரும். வேண்டாதவர் முத்திரையிட்டு விலகலாம் என்று விதி செய்தனர். எண்ணம் நல்லது. மறதியால் காப்பின்றி நிற்பவர் இருக்கக்கூடாது என்பதே நோக்கம். நடைமுறையில் நடந்தது வேறு. கட்டணம் குறைய வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைப்பார். பத்திரம் விரைவில் முடிய வேண்டும் என்று முகவர் நினைப்பார். இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று விரல் காட்டிய இடமெல்லாம் முத்திரை விழும். நாமும் வங்கியிலே கையெழுத்துப் போட்ட தாள்களையெல்லாம் படித்துவிட்டா போடுகிறோம்?

கோபே நகர வட்டாரத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. பெரு நடுக்கம் என்பது தோக்கியோப் பக்கத்துச் சங்கதி, நம் பக்கம் வராது என்பது அங்குப் பரவியிருந்த நம்பிக்கை. 1596இல் ஹிடேயோஷியின் புஷிமிக் கோட்டையையே சாய்த்த நடுக்கம் அவ்வட்டாரத்தையும் உலுக்கியது என்பது வரலாற்று நூல்களில் இருந்தது. மக்கள் நினைவில் இல்லை. நானூறு ஆண்டுகள் ஒரு நினைவு நிற்பதற்கு மிக நீளம்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் காலை 5 மணி 46 நிமிடம். கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நடுங்கி அன்றோடு சரியாக ஓராண்டு. கோபேயிலும் சுற்றுப்புறங்களிலும் 6,434 பேர் மாண்டனர். நூறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் முழுதும் அழிந்தன. நாகாட்டா வட்டத்தில் பழைய மர வீடுகளும் சிறு காலணித் தொழிற்சாலைகளும் நெருங்கிய தெருக்கள் எரிந்தன. மொத்தச் சேதம் ஏறத்தாழப் பத்து இலட்சம் கோடி யென் என்று கணித்தனர். நிலநடுக்கக் காப்புறுதியாக வழங்கப்பட்டதோ 7,830 கோடி யென். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்பொழுது நாடு முழுவதிலும் பத்துக் குடும்பங்களில் ஒன்றிடம்கூட இந்தப் பத்திரம் இல்லை.

வீடு போனவர்களின் நிலை என்ன? வங்கிக் கடன் வீட்டோடு எரிவதில்லை. இல்லாத வீட்டுக்குப் பழைய கடன், கட்டப்போகும் வீட்டுக்குப் புதுக் கடன் என்று இரட்டைச் சுமையைப் பலர் தலையில் ஏற்றுக்கொண்டனர். முதியோருக்கு அந்தக் கடனும் கிடைக்கவில்லை. அரசாங்கத்தைக் கேட்டபோது, தனியார் சொத்துக்குப் பொதுப் பணம் கொடுக்கும் முறை இல்லை என்றனர். நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மாயெட்டுக்குச் சொன்ன அதே விடை. எழுத்தாளர் ஓடா மகோட்டோ முதலியோர் நடத்திய இயக்கத்தின் பயனாக 1998இல் ஓர் உதவிச் சட்டம் வந்தது; முதலில் பத்து இலட்சம் யென் வரை, பின்னர் முப்பது இலட்சம் வரை. ஹியோகோ மாவட்டம் 2005இல் தன் மக்களுக்காகத் தனியே ஒரு கூட்டு நிதி தொடங்கியது. வீட்டுக்கு ஆண்டுக்கு 5,000 யென் கட்டினால், இடிந்த வீட்டை மறுபடி கட்டும்போது அறுபது இலட்சம் யென் கிடைக்கும்.

தீக் காப்புறுதி மட்டும் வைத்திருந்து நடுக்கத்துத் தீயில் வீடிழந்த சிலர் வழக்காடினர். நிலநடுக்கத்திற்குத் தனிப் பத்திரம் உண்டு என்பதை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் எடுத்திருப்போம் என்பது அவர்கள் வாதங்களுள் ஒன்று. ஒசாகா உயர் நீதிமன்றம் 2001இல் அவர்களுடைய மன வருத்தத்திற்கு ஈடு கொடுக்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பர் 9ஆம் நாள் அதை மாற்றியது. காப்புறுதி எடுப்பதும் விடுப்பதும் பொருள் பற்றிய முடிவு. உயிர் உடல் பற்றியதன்று. ஆகவே விளக்கம் போதாமல் இருந்தாலும், தனிப்பட்ட காரணம் இல்லாதபோது மன வருத்தத்திற்கு ஈடு கேட்க இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் அறிந்தோர் இதைச் சரியென்பர். எனக்கென்னவோ, வீடு வெறும் பொருள் என்னும் அந்த வாக்கியம் நாகாட்டாவின் சாம்பல் மேட்டில் நின்று எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை.

கோபேக்குப் பின் பத்திரத்தின் வரம்பு உயர்ந்தது. 1996இல் வீட்டுக்கு ஐந்து கோடி யென், பொருள்களுக்கு ஒரு கோடி என ஆயிற்று. தீக் காப்புறுதித் தொகையில் பாதி என்னும் எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது. 2011 மார்ச் 11ஆம் நாள் வடகிழக்குக் கடலோரத்தைப் பேரலை வாரிச் சென்றபோது ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. அடித்துச் செல்லப்பட்ட ஊர்களை வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டே முழு அழிவு என்று தீர்மானித்து, ஒரு இலட்சத்து இருபதாயிரம் கோடி யென்னுக்கு மேல் வழங்கினர். தோக்கியோ அருகே உராயாசுவில் நீகாத்தாவைப் போலவே மணல் குழம்பாகி வீடுகள் சாய்ந்தன. ஒரு பாகைக்கு மேல் சாய்ந்தால் முழு அழிவு என்று அங்கே புது அளவு வகுத்தனர். நேராகத் தெரியும் வீட்டில் ஒரு பாகைச் சாய்வு என்ன செய்யும் என்பார்க்கு, அதில் குடியிருந்தவர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன என்பதே விடை.

இன்று தோக்கியோவில் மர வீடு வைத்திருப்பவர் என்ன கணக்குப் போடுகிறார்? 2022இல் வகுத்த கட்டணப்படி, ஒரு கோடி யென்னுக்கு ஆண்டுக்கு 41,100 யென். அபாயம் குறைந்த மாவட்டத்தில் அதே மர வீட்டுக்கு 11,200தான். முப்பதாண்டு கட்டினால் தோக்கியோக்காரர் செலுத்துவது 12,33,000 யென். வீடு விழுந்தால் ஒரு கோடி வரும். ஆனால் வீடு கட்ட இரண்டு கோடி வேண்டும். விழாவிட்டால் ஒன்றும் வராது. 1981 ஜூனுக்குப் பின் கட்டிய வீடாயின் பத்து விழுக்காடு தள்ளுபடி. நடுக்கத்தைத் தாங்கும் உயர்ந்த தரத்தில் கட்டியதாயின் பாதி தள்ளுபடி. ஆகவே விழ வாய்ப்புக் குறைந்த புது வீட்டுக்காரர் குறைத்துக் கட்டுகிறார். பழைய வீட்டில் ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவர் முழுதும் கட்ட வேண்டும். கணக்குப்படி அது நியாயம். சேமிப்பு நிறைந்தவருக்கு இந்தப் பத்திரம் அத்தனை அவசியமில்லை. கடன் நிறைந்தவருக்கு மிக அவசியம். அவர் கையில்தான் கட்டணத்துக்குப் பணம் இல்லை. எடுக்கலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டால், முதலில் உம் வீட்டுக் கடன் எவ்வளவு மிச்சம் என்றே நான் கேட்பேன். தூண்களையும் இணைப்புகளையும் வலுப்படுத்தப் பணம் இருந்தால் அதை முன்னதாகச் செய்யச் சொல்வேன். காப்புறுதி, விழுகிற உத்திரத்தைத் தாங்காது.

இவ்வளவுக்கும் பின் ஜப்பானியக் குடும்பங்களில் மூன்றில் ஒன்றுக்குச் சிறிது மேற்பட்டவையே நிலநடுக்கக் காப்புறுதி வைத்திருக்கின்றன. புதிதாகத் தீக் காப்புறுதி எடுப்பவருள் மட்டும் பார்த்தால் பத்தில் ஏழு பேர் சேர்த்தே எடுக்கின்றனர். மற்ற மூவர் அந்தக் கட்டத்தில் வேண்டாம் என்று குறிக்கின்றனர்.

2024ஆம் ஆண்டு புத்தாண்டு நாள் மாலை, நோட்டோ மூவலந்தீவில் நிலம் நடுங்கி, வாஜிமா நகரின் காலைச் சந்தைத் தெரு எரிந்தது. சுமார் 240 கட்டடங்கள். வீட்டுக்காரர்களுள் பலர் முதியோர். வீடுகள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. தீக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு, அந்தத் தீ நிலநடுக்கத்தால் வந்த தீ என்பதால், 1923இல் சொல்லப்பட்ட விடையே சொல்லப்பட்டது.